கையில் வந்தது எப்படி? – கேரம், உடல், வடசென்னை

1

"அவனுக்கு அது ரத்தத்துலயே கீது சார்."

எம்.கே.பி. நகரில் ஒரு கேரம் கொட்டகை வாசலில் நின்றுகொண்டு, உள்ளே ஆடிக் கொண்டிருந்த பதினாலு வயசுப் பையனைக் காட்டி ஒரு பெரியவர் சொன்னார். பையன் சற்றுமுன்தான் எதிர்ச் சட்டத்தில் மோதித் திரும்பிய ஸ்ட்ரைக்கரால், தன் பக்கத்து பாக்கெட் ஓரமாகக் கிடந்த கருப்புக் காயினை உள்ளே அனுப்பியிருந்தான். பெரியவர் சொன்னது பாராட்டுத்தான். அவரும் அதே தெருக்காரர். அந்தப் பையனைத் தன் பையனாகவே நினைத்துச் சொன்னது.

ஆனால் இதே வாக்கியம் மவுண்ட் ரோடைத் தாண்டிப் போனதும் அர்த்தம் மாறிவிடுகிறது. 'அந்த ஏரியா பசங்களுக்கு விளையாட்டு தானா வரும்' என்று அங்கே ஒருவர் சொல்லும்போது, 'படிப்புதான் வராது' என்கிற இன்னொரு வாக்கியம் வாய் திறக்காமலே சொல்லப்பட்டுவிடுகிறது. 'இயல்பு', 'பிறவித் திறமை' போன்ற சொற்கள் கேட்க இதமானவை. அவை செய்யும் காரியம் அவ்வளவு இதமானதல்ல. ஒருவர் கற்றுக் கொண்டதை, அதற்குக் கொடுத்த வருஷங்களை, கற்றுக் கொடுத்தவர்களை எல்லாம் ஒரே வீச்சில் இல்லாமல் ஆக்கிவிட்டு, மிச்சமாக ஓர் உடலை மட்டும் நிறுத்தி வைக்கின்றன. கற்றலே இல்லை என்றான பிறகு மைதானம் எதற்கு, போர்டு எதற்கு, பயிற்சியாளர் எதற்கு என்ற கேள்வியும் எழாது.

இதைப் பார்த்து வெறுமனே கோபப்படுவதில் பயனில்லை. திறன் என்பது ஓர் உடலுக்குள் எப்படி வந்து சேர்கிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தாக வேண்டும். அதற்குக் கேரமை எடுத்துக் கொள்கிறேன். ராயபுரத்துக் குத்துச்சண்டைப் பரம்பரைகளைப் பற்றி 'சார்பட்டா பரம்பரை' (2021) படத்துக்குப் பிறகு ஊரே பேசிவிட்டது. வியாசர்பாடிக் கால்பந்தைப் பற்றியும் நிறைய எழுதியாயிற்று. கேரமுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அது வேலைவெட்டி இல்லாதவர்களின் பொழுதுபோக்கு என்பது பொதுப்புத்தி. 'வட சென்னை' (2018) படத்தில்கூட, ஆட்டக்காரன் ஒருவன் சிறைக்குள்ளும் ரவுடிகளின் பகைக்குள்ளும் இழுத்துச் செல்லப்படும் கதைக்குப் பின்னணியாகத்தான் அது வந்தது.

இத்தனைக்கும் சர்வதேச கேரம் சம்மேளனம் 1988-இல் தொடங்கப்பட்டதே இந்த நகரத்தில்தான். 1991, 1995 ஆகிய இரண்டு முறையும் உலகப் பட்டம் வென்ற சென்னைக்காரர் மரிய இருதயம் 1996-க்கான அர்ஜுனா விருதைப் பெற்றார். கேரமுக்கு அந்த விருது கிடைத்தது அதுதான் முதல் தடவை. 2008-இல் பிரான்சின் கான் நகரில் நடந்த உலகப் போட்டியில் பெண்கள் பட்டத்தை வென்ற இளவழகி, வியாசர்பாடிக்காரர். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா, புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகர்ப் பெண். எம்.கே.பி. நகரிலிருந்து இந்த இரண்டு இடங்களுக்கும் ஷேர் ஆட்டோவில் போய் வந்துவிடலாம். இதையெல்லாம் ரத்தம் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம்.

2

முதலில் கைக்கு முன்னால் இருக்கும் சிக்கல் என்ன என்று பார்ப்போம். ஆடுபரப்பு 74 சென்டிமீட்டர் சதுரம். ரெட்டையும் சேர்த்து 19 காயின்கள்; ஒவ்வொன்றும் ஐந்திலிருந்து ஐந்தரை கிராம் எடை. ஸ்ட்ரைக்கர் 15 கிராமுக்கு மிகாமல் இருக்க வேண்டும். அதன் விட்டம் 4.13 சென்டிமீட்டர், பாக்கெட்டின் விட்டம் 4.45. அதாவது ஸ்ட்ரைக்கரே தாராளமாக உள்ளே விழும். விழுந்தால் மைனஸ், போட்ட காயினில் ஒன்றை எடுத்து வெளியே வைக்க வேண்டும். எனவே காயின் உள்ளே போக வேண்டும், அதைத் துரத்திக் கொண்டு போகும் ஸ்ட்ரைக்கர் வெளியே நிற்க வேண்டும், நின்ற இடத்தில் அடுத்த அடிக்கு எதுவும் கெட்டுப் போயிருக்கக் கூடாது. ரெட்டைப் போட்டால் தொடர்ந்து ஒரு காயினையும் போட்டு அதை உறுதிப்படுத்த வேண்டும். இதற்கு நடுவில், போட்டி விதிப்படி, உட்கார்ந்த நாற்காலியை நகர்த்தக் கூடாது.

நாற்காலி நகராது என்றால் உடல்தான் நகர வேண்டும். ஒரே இருக்கையிலிருந்து நேர் அடி, வலது மூலைக்குக் கட், எதிர்ச் சட்டத்தில் பட்டுத் திரும்பும் அடி, கட்டை விரலால் பின்பக்கமாகத் தள்ளுவது எல்லாம் நடக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல் ஆகியவற்றின் கூட்டு வேறு.

புதிதாக உட்காருகிறவரைப் பாருங்கள். தோளை உயர்த்தி, முழங்கையை இறுக்கி, மணிக்கட்டைப் பூட்டிக் கொண்டு, மூச்சையும் பிடித்துக் கொண்டு சுண்டுவார். "கை கட்டையா கீது" என்பார்கள் பக்கத்திலிருப்பவர்கள். இது பயமோ மந்தமோ இல்லை. இத்தனை மூட்டுகளையும் ஒரே சமயத்தில் ஆளத் தெரியாத உடல், பாதியைப் பூட்டி வைத்துவிட்டு மீதியை மட்டும் வைத்துச் சமாளிக்கப் பார்க்கிறது. இதை ஒரு கோட்பாடாகவே எழுதியவர் நிகோலாய் பெர்ன்ஷ்டைன் என்ற ரஷ்ய உடலியலாளர். அவருடைய கதை நம் பகுதிக்குச் சம்பந்தமில்லாதது அல்ல.

1920களில் மாஸ்கோவில் மத்திய உழைப்பு நிறுவனம் என்று ஒன்று இருந்தது. அதை நடத்திய அலெக்சேய் காஸ்தெவ் ஒரு கவிஞர். அமெரிக்க டெய்லரின் ஆலை நிர்வாக முறையில் மயங்கியவர். பின்னாளில் ஸ்டாலின் காலக் களையெடுப்பில் கொல்லப்பட்டார். தொழிலாளியின் ஒவ்வொரு வேலைக்கும் மிகச் சரியான ஓர் அசைவு உண்டு, அதைக் கண்டுபிடித்து எல்லோருக்கும் பழக்கிவிட்டால் உற்பத்தி பெருகும் என்பது அங்கே நிலவிய நம்பிக்கை. பெர்ன்ஷ்டைன் அங்கே ஆராய்ந்தது சுத்தியலால் உளியை அடிக்கும் தேர்ந்த தொழிலாளிகளை. கைகளில் சிறு விளக்குகளைக் கட்டி, அடிக்கும்போது தொடர்ச்சியாகப் படமெடுத்தார். சுத்தியலின் முனை ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து விழுந்தது. ஆனால் தோளும் முழங்கையும் மணிக்கட்டும் ஒவ்வோர் அடியிலும் சற்றே வெவ்வேறு பாதைகளில் போயிருந்தன. தோள் கொஞ்சம் தவறினால் முழங்கை அதை ஈடுகட்டியது. முழங்கை விட்டதை மணிக்கட்டு பிடித்தது.

மிகச் சரியான ஒற்றை அசைவைத் தேடிப் போன இடத்தில் அப்படி ஒன்று இல்லை என்று தெரிந்தது. தேர்ந்த கை ஓர் அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதில்லை. ஒரே பிரச்சினையை ஒவ்வொரு முறையும் புதிதாகத் தீர்க்கிறது. பயிற்சி என்பது தீர்வை மனப்பாடம் செய்வதல்ல, தீர்க்கும் வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது என்று பெர்ன்ஷ்டைன் பின்னர் எழுதினார். பூட்டி வைத்த மூட்டுகளை உடல் ஒவ்வொன்றாகத் திறந்துவிடுவதுதான் கற்றலின் போக்கு.

பெரம்பூரில் பின்னி ஆலை 1996-இல் மூடப்பட்டது. அதில் வேலை பார்த்தவர்களின் குடும்பங்கள் இந்தப் பக்கத்தில் இன்னும் இருக்கின்றன. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், காசிமேட்டில் வலை பின்னுகிறவர்கள், எண்ணூரில் வெல்டிங் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். கூலி நிர்ணயப் பட்டியலில் சுமை தூக்குகிறவர் 'திறன் பெறாத தொழிலாளி'. நூறு கிலோ மூட்டையை முதுகில் வாங்கி, வழுக்கும் பலகையில் ஏறுகிற உடல் எத்தனை மூட்டுகளைக் கணக்குப் பார்த்துக் கொண்டு போகிறது என்று எந்தப் பட்டியலும் கேட்பதில்லை. பெர்ன்ஷ்டைன் கேட்டார் என்பதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

3

கொட்டகையில் எப்படிப் பயிற்சி நடக்கிறது? பயிற்சி என்று யாரும் சொல்வதில்லை. போர்டு ஒன்று, ஆட வந்தவர்கள் பத்துப் பேர். சட்டம் ஒன்றே ஒன்று: தோத்தா எந்திரி. தோற்ற ஜோடி எழுந்து வெளியே போய் நிற்க வேண்டும், மறுபடி முறை வர ஒரு மணி நேரம்கூட ஆகலாம். இதில் யாருக்கும் ஒரே அடியை நூறு தடவை அடித்துப் பழக வாய்ப்பில்லை. ஒவ்வோர் அடியும் வேறு இடம், வேறு கோணம், வேறு நெருக்கடி. பாடப் புத்தகம் படித்த பயிற்சியாளர் இதைப் பார்த்தால் ஒழுங்கில்லாத முறை என்று தலையில் அடித்துக் கொள்வார்.

1979-இல் அமெரிக்காவில் ஷே, மார்கன் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். சிறு மரத் தடுப்புகளைக் குறிப்பிட்ட வரிசையில் வேகமாகத் தட்டிவிட வேண்டும். மூன்று விதமான வரிசைகள். ஒரு குழு ஒவ்வொரு வரிசையையும் தனித்தனியாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனது. இன்னொரு குழுவுக்கு மூன்றும் கலந்து கட்டி வந்தன. பழகும்போது கலந்து கட்டிப் பழகியவர்கள்தான் தடுமாறினார்கள். சில நாள் கழித்துச் சோதித்தபோது அவர்கள்தான் நன்றாகச் செய்தார்கள். பிறகு பாட்மின்டன் சர்வீஸ் முதலானவற்றிலும் இதைப் பார்த்திருக்கிறார்கள். ஒரே அடியைத் தொடர்ந்து அடிக்கும்போது முந்தின அடியின் மிச்சத்தை வைத்தே அடுத்ததை அடித்துவிடலாம். இடையில் வேறொன்று வந்துவிட்டால் திரும்ப முதலிலிருந்து யோசித்தாக வேண்டும். தடுமாற்றத்தில்தான் கற்றல் நடக்கிறது.

(இதைப் படித்துவிட்டு, 'பார்த்தீர்களா, இல்லாமையே நல்ல பள்ளிக்கூடம்' என்று யாராவது கிளம்பலாம். அவர்களுக்கு ஒன்று: இன்னொரு போர்டு வாங்கிப் போட்டாலும் கலந்து கட்டி ஆடலாம்.)

வெளியே நிற்கிற நேரமும் வீண் போவதில்லை. நிற்கிறவர்கள் பார்க்கிறார்கள். சும்மா பார்ப்பதில்லை; அடுத்து எது, எந்தப் பக்கம், ரெட்டை இப்போது எடுப்பானா விடுவானா என்று தங்களுக்குள் பந்தயம் கட்டிக் கொண்டு பார்க்கிறார்கள். ஆடுகிறவன் ஸ்ட்ரைக்கரை வைப்பதற்குள்ளேயே "போச்சு, டபுள் ஆடப் போறான், மாட்டுவான்" என்று ஒருவர் முனகுவார். பெரும்பாலும் அப்படியே நடக்கும். செஸ் விஷயத்தில் இதை நன்றாக ஆராய்ந்திருக்கிறார்கள். 1973-இல் சேஸ், சைமன் இருவரும் காட்டியது இது: உண்மையான ஆட்டத்திலிருந்து எடுத்த நிலையைச் சில விநாடிகள் காட்டினால் தேர்ந்த ஆட்டக்காரர் ஏறக்குறைய முழுதும் திருப்பி அடுக்கிவிடுவார், காய்களைத் தாறுமாறாக வைத்துக் காட்டினால் அவருக்கும் புது ஆளுக்கும் பெரிய வித்தியாசமில்லை. அவருக்கு நினைவாற்றல் அதிகம் என்பதில்லை, பார்வை பழகியிருக்கிறது. தனித்தனிக் காயாக இல்லாமல் கொத்துக் கொத்தாகப் பார்க்கிறார். கொட்டகை வாசலில் முனகியவரின் கண்ணும் இதே மாதிரிதான் பழகியிருக்க வேண்டும்.

செஸ் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2024 நவம்பரில் காசிமா உலகக் கோப்பை வென்றார். டிசம்பரில் குகேஷ் செஸ் உலகப் பட்டம் வென்றார். இருவரும் சென்னை, இருவரும் இருபதைத் தொடாதவர்கள். மாநில அரசு ஒருவருக்கு ஒரு கோடியும் மற்றவருக்கு ஐந்து கோடியும் கொடுத்தது. பணத்தை விடுங்கள், செஸ்ஸின் உலகப் பரப்பு வேறு, அதற்குக் காரணம் சொல்லலாம். சொற்களைப் பார்க்க வேண்டும். ஒருவரைப் பற்றி எழுதியபோது கணிப்பு, நிதானம், மூளை. மற்றவரைப் பற்றித் தலைப்புக்குத் தலைப்பு 'ஆட்டோ ஓட்டுநர் மகள்'. அவர் எப்படி யோசித்தார், எந்த நிலையில் ரெட்டை விட்டு வைத்தார் என்று எழுதிய தலைப்பு என் கண்ணில் படவில்லை. தலை ஒரு பக்கம், கை ஒரு பக்கம் என்ற பிரிவினை இந்த நாட்டில் யாரிடமிருந்து யாருக்கு எதை விலக்கி வைப்பதற்காக உண்டானது என்று இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கொட்டகையில் வாய்ச் சொல்லாகக் கற்றுக் கொடுப்பது குறைவு. சொல்லும் கொஞ்சமும் கையைப் பற்றியதாக இருப்பதில்லை. "விரலை மடக்கு, மணிக்கட்டைத் தூக்கு" என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. "காயினோட முதுகுல ஒரு புள்ளி வெச்சுக்கோ, அங்க போய்த் தொடு" என்பார்கள். மோதும்போது இரண்டு மையங்களையும் இணைக்கும் கோட்டில்தான் காயின் ஓடும் என்ற இயற்பியல் இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. தன் உடலின் அசைவில் கவனம் வைப்பவரைவிட, அந்த அசைவால் வெளியே நேரும் விளைவில் கவனம் வைப்பவர் நன்றாகக் கற்கிறார் என்று கேப்ரியேல் வுல்ஃப் என்பவரும் உடன் பணியாற்றியவர்களும் 1990களின் கடைசியிலிருந்து தொடர்ந்து எழுதி வருகிறார்கள். கையை நினைத்தால் கை பூட்டிக் கொள்கிறது.

பிறகு போர்டு. இந்தக் கடலோரக் காற்றில் பலகை ஒரு நாள் ஓடும், ஒரு நாள் ஓடாது. ஐப்பசி மழையில் பவுடர் பிசுபிசுத்து, நேற்று மூலைக்குப் போன அதே விசை இன்று பாதி தூரத்தில் நின்றுவிடும். அதற்காகத்தான் போர்டுக்கு மேல் தாழத் தொங்கும் குண்டு பல்பு. வெளிச்சத்துக்கும் ஆயிற்று, ஈரம் காயவும் ஆயிற்று. எல்.ஈ.டி. வந்த பிறகு அந்தச் சூடு போய்விட்டது என்று பழைய ஆட்டக்காரர்கள் குறைப்படுகிறார்கள். உட்கார்ந்ததும் முதல் இரண்டு அடியை மெதுவாக விட்டுப் பார்ப்பது சம்பிரதாயம் அல்ல, பலகையை விசாரிப்பது.

4

உடல் உத்திகளை ஒவ்வொரு சமூகமும் தன் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுக்கிறது, நடப்பதும் நீந்துவதும்கூட இயற்கையல்ல என்று மார்செல் மாஸ் 1934-இல் பேசினார். அரை நூற்றாண்டு கழித்து லோயிக் வக்கான் என்ற பிரெஞ்சு சமூகவியலாளர், சிகாகோவின் கறுப்பர் பகுதியில் ஒரு குத்துச்சண்டைக் கூடத்தில் 1988 முதல் சுமார் மூன்று வருஷம் தானே கையுறை மாட்டிப் பழகினார். அங்கே கற்பித்தல் பெரும்பாலும் பேச்சில்லாமல், பார்த்துச் செய்து, கூடத்தின் தாளத்தோடு ஒன்றி நடப்பதையும், வெளியே 'இயல்பான வலிமை' என்று தெரிவது உள்ளே துறவிக்கு நிகரான ஒழுங்காக இருப்பதையும் எழுதினார். ராயபுரத்து வாத்தியார்களிடம் பழகியவர்களுக்கு இது புதுச் செய்தி அல்ல.

ஆனால் இந்த இடத்தில் எனக்கே ஒரு சந்தேகம் வருகிறது. கொட்டகை, தெரு, கூட்டு அறிவு என்று அடுக்கிக் கொண்டே போனால் அது இன்னொரு புகழ்மாலை ஆகிவிடும். ரத்தம் என்று சொன்ன இடத்தில் தெரு என்று சொல்லிவிட்டு நாமும் கை கழுவிவிடலாம். கொட்டகையில் பெண் பிள்ளைகள் எத்தனை பேர்? நான் பார்த்தவரை ஒருவரும் இல்லை. ராத்திரி பதினோரு மணிக்கு, பீடிப் புகைக்கு நடுவில், பந்தயம் கட்டி ஆடும் இடத்துக்கு யார் மகளை அனுப்புவார்கள்? அப்படியானால் இளவழகியும் காசிமாவும் எங்கிருந்து வந்தார்கள்? காசிமாவுக்குத் தந்தையே பயிற்சியாளர். ஆட்டோ ஓட்டிக் கொண்டே பிள்ளைகளுக்குக் கேரம் சொல்லிக் கொடுத்தவர். 'ஆட்டோ ஓட்டுநர் மகள்' என்ற தலைப்பில் விடுபட்டுப் போனது அதுதான்: அவர் ஓர் ஆசிரியரின் மகள்.

வீட்டுக்குள்ளோ பயிற்சி மையத்திலோ வேறு விதமான கற்றல் நடக்கிறது. தவறிய அடியைத் திரும்ப வைத்து, ஏன் தவறியது என்று பார்த்து, பலவீனமான இடத்தையே தேடிப் போய் அடிப்பது. பெர்லின் இசைக் கல்லூரி வயலின் மாணவர்களை வைத்து ஆண்டர்ஸ் எரிக்சன் 1993-இல் எழுதிய கட்டுரை இதைத்தான் பேசியது. பத்தாயிரம் மணி நேரம் என்று அது பின்னால் கடைச்சரக்காகிவிட்டது. எரிக்சனே அதை ஏற்கவில்லை. அவர் சொன்னது மணிக் கணக்கை அல்ல. குறை காட்டிச் சொல்ல ஓர் ஆசிரியர் வேண்டும், கவனம் சிதறாத நேரம் வேண்டும் என்பதை. கொட்டகை முதலாவதைக் கொஞ்சம் தருகிறது, இரண்டாவதைத் தருவதே இல்லை. அதனால்தான் கொட்டகையில் கண்ணைப் பறிக்கும் அடி அடிக்கிற பல பேர் மாவட்டப் போட்டியில் முதல் சுற்றிலேயே வெளியே வந்துவிடுகிறார்கள். அவர்களுக்கு வராத அடியை அவர்கள் பதினைந்து வருஷமாகத் தவிர்த்தே ஆடியிருக்கிறார்கள். பந்தயத்தில் யார் தன் பலவீனத்தைப் பழகிப் பார்ப்பார்கள்?

ஒலிம்பிக்கில் கேரம் இல்லை. ஆசிய விளையாட்டுப் போட்டியிலும் இல்லை. எனவே நேரம் என்பது இங்கே அரிசி, வாடகை சம்பந்தப்பட்ட விஷயம். பதினெட்டு வயசில் டெலிவரி வண்டி ஏறிவிடுகிற பையனிடம் போய் கவனம் சிதறாத நாலு மணி நேரம் ஒதுக்கு என்று எந்தக் கோட்பாடு சொல்லும்?

5

அந்தப் பதினாலு வயசுப் பையனிடம் போய், திரும்பி வரும் அந்த அடியை எப்படி அடித்தாய் என்று கேட்டேன். "தெர்லண்ணா" என்றான். அறியாமையால் சொன்னதில்லை, சொல்லக் கூடியதைவிட நமக்குத் தெரிந்திருப்பது அதிகம் என்று மைக்கேல் பொலானி சொன்னாரே, அந்த வகை. பிறகு அவனே காயினை எடுத்து அதே இடத்தில் வைத்தான். அடித்தான், போட்டான். காயினை அரை விரற்கடை தள்ளி வைத்தான். ஸ்ட்ரைக்கரைக் கோட்டில் வேறு இடத்துக்கு மாற்றினான், உடம்பை லேசாகச் சாய்த்தான், போட்டான். மூன்றாவது தவறியது. உதட்டைச் சுழித்துக் கொண்டு இன்னும் கொஞ்சம் பவுடர் போட்டு, கையால் தேய்த்து, மறுபடி வைத்தான்.

"ரத்தத்துல இருந்தா ஏன்டா தப்புது?" என்று பெரியவரைப் பார்த்துக் கொண்டே கேட்டேன்.

பெரியவர் சிரித்தார். "இவன் எங்கிட்ட ஒன்பது வயசுல வந்தான் சார். ஒரு வருசம் ஒக்காரவே வுடல. நின்னு பாருடான்னேன்" என்றார். வாசலில் நின்று அவர் முதலில் சொன்னதற்கும் இதற்கும் முரண்பாடு இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை.

"நீ ஒக்காரு சார்" என்றார். உட்கார்ந்தேன். தோள் உயர்ந்தது, மணிக்கட்டு பூட்டிக் கொண்டது. பெர்ன்ஷ்டைனைப் படித்திருந்தும் ஸ்ட்ரைக்கர் நேராக பாக்கெட்டுக்குள் போனது.

"மைனஸ்" என்றான் பையன். "கையைப் பாக்காதண்ணா. அங்க பாரு."